தோலகட்டித் திராட்சைப் பந்தல்

யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில், 1928ஆம் ஆண்டு தோமஸ் அடிகளார் நிறுவிய செபமாலைத் தாசர் ஆச்சிரமத்துக்கு ஒருநாட் காலை சென்றிருந்தோம். மௌனமும் செபமும் தோட்டவேலையுமே அத்துறவியரின் வாழ்வு. திராட்சைப் பந்தலின்கீழ் முதியவர் ஒருவர் பச்சைக் கொடிகளை இரக்கமின்றி நறுக்கிக்கொண்டிருந்தார். எமது வீட்டுக் கொடியோ நான்கு ஆண்டுகளாய் இலையாகவே தழைக்கின்றது. வெட்ட மனம் வந்ததில்லை. அதனைக் கூறினோம்.

“புதுத் தளிரிலேதான் குலை வரும், ஐயா,” என்றார் தாழ்ந்த குரலில். கிளை நறுக்கும் உவமை யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் உண்டென்றும், தம்முள்ளே நறுக்கவேண்டியது இன்னும் ஒன்று உண்டென்றும் சொன்னார். அது யாதென நாம் வினவவில்லை. உழவாரமும் கையுமாய்த் திரிந்த அப்பரடிகளை நினைத்துக்கொண்டோம். சைவருக்கு வேறு யார் நினைவில் வருவார்?

மாலையில் வீடு மீண்டு கொடியை நறுக்கினோம். வேலிக்கப்பால், தம்பியின் கிணற்றடியில் துலா அசைந்தது. எல்லைப் பிணக்கினாற் பேச்சற்று ஆறு ஆண்டுகள். நறுக்கிய தழையை ஏந்தியபடி அவ்விடத்தே நெடுநேரம் நின்றோம்.