மதுசாரம் கொண்டுபோன சான்று

முதுநிலை வகுப்பிற் பயின்ற காலத்து, மக்காச்சோள முளையின் வேர்நுனியில் ஆக்ஸின் என்னும் ஹார்மோன் எவ்வெவ் உயிரணுக்களில் உளதெனக் காண முற்பட்டேன். வளரும் உயிரணு எங்கே பிரிதல் வேண்டும், எங்கே நீளுதல் வேண்டும் என்பதற்கு வழிகாட்டும் பொருள் அஃதன்றோ? வேர்நுனிகளைப் பார்மலினில் இட்டு நிலைநிறுத்தினேன். மதுசாரத்தாற் படிப்படியாக நீர் நீக்கி, ஸைலீனில் தெளிவித்து, மெழுகிற் பதித்து, மெல்லிய சீவல்களாக்கினேன். ஆக்ஸினைப் பற்றும் எதிர்ப்பொருளை இட்டு, நிறமேற்றி, மைக்ராஸ்கோப்பில் நோக்கினேன். உயிரணுக்கள் வரிசை குலையாது அழகுற நின்றன. நிறமோ எங்கும் இல்லை.

"இவ்வுயிரணுக்களில் ஆக்ஸின் இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். ஆசிரியர் அவ்வரியை வாசித்து, சினவாது, "தம்பி, நீர் கொட்டிவிட்ட மதுசாரத்தில் தேடிப் பார்த்தீரோ?" என்று வினவினார். யான் வாயடைத்து நின்றேன்.

அவர் விளக்கியது இது. 1893-இல் பெர்டினாண்ட் பிளம் என்னும் ஜெர்மானியர், பார்மலின் பட்ட தம் விரற்றோல் கடினமாயினமை கண்டு, திசுக்களை நிலைநிறுத்த அதனைப் பயன்படுத்தலாயினர். அது புரதங்களை ஒன்றோடொன்று பிணைக்கும். ஆக்ஸினோ புரதமன்று; இருபத்திரண்டு அணுக்களே கொண்ட சிறு மூலக்கூறு. பார்மலின் அதனைச் செவ்வனே பிணைப்பதில்லை. பின்வரும் மதுசாரம் அதனைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். ஹாலந்து தேசத்து வென்ட் என்பார், ஓட்ஸ் முளையின் நுனியைக் கொய்து அகார்க் கட்டிமேல் வைக்க, ஹார்மோன் தானே கட்டியுள் இறங்குதலை 1928-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிற் காட்டினார். உயிரணுவைவிட்டு வெளியேறும் இயல்பினாலேயே அறியப்பட்ட பொருள், என் சீவலில் மட்டும் காத்திருக்குமோ?

மறுமுறை, பார்மலினுக்கு முன்னரே கார்போடையிமைட் என்னும் மருந்தில் வேரை ஊறவிட்டேன். அஃது ஆக்ஸினின் கார்பாக்ஸில் முனையை அருகிலுள்ள புரதத்தோடு கட்டிவிடும். இம்முறை நிறம் தோன்றிற்று. ஆயினும் ஆசிரியர் அதனையும் உடனே ஒப்பினாரல்லர். கார்போடையிமைட் இடாத வேர் ஒன்றும், எதிர்ப்பொருள் இடாத சீவல் ஒன்றும் உடன் வைத்து, அவ்விரண்டும் வெறுமையாய் நின்ற பின்னரே கையொப்பமிட்டார்.

புரத ஹார்மோன்களின் கதை இதற்கு நேர்மாறானது. பார்மலினில் நெடுநாள் கிடப்பின், பிணைப்பு மிகுந்து, எதிர்ப்பொருள் பற்றுமிடம் மறைந்துபோம். அத்தகைய சீவல்களைச் சுடவைத்து மறைந்ததை மீட்கும் வழி 1991-இல் வெளியாயிற்று. ஒன்றிற் கட்டுக் குறைந்து பொருள் ஓடிற்று. மற்றொன்றிற் கட்டு மிகுந்து பொருள் ஒளிந்தது. காண்போனுக்கு இரண்டும் ஒரே வெறுமைதான்.

மாணவ நண்பர்காள்! அக்குறிப்பேட்டை இன்றும் வைத்திருக்கின்றேன். "இல்லை" என்ற சொல்லை அடித்து, "இம்முறையாற் காணப்படவில்லை" என ஆசிரியர் சிவப்பு மையால் திருத்திய வரி அதில் உளது. யான் பெற்ற பட்டத்தினும் அவ்வரியையே பெரிதாகப் போற்றுகின்றேன்.