ஓரத்தில் தொடங்கும் கவந்தி

கர்நாடகத்தின் எல்லாப்பூர் பக்கத்தில், சித்தி என்னும் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றில், துவைத்துத் துவைத்து நைந்த பருத்திப் புடவையைத் திண்ணையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார் ஓர் அம்மா. பேத்திக்குக் கவந்தி, அதாவது ஒட்டுத்துணிப் போர்வை, தைக்கிறார். பிள்ளை தொட்டிலை விட்டுக் கட்டிலுக்கு வந்துவிட்டாள். தொட்டில் கவந்தி இப்போது காலுக்கு எட்டவில்லை.

அளவெடுக்கவில்லை, சாக்பீஸ் கோடு போடவில்லை, குண்டூசிகூடக் குத்தவில்லை. புடவையின் ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, அதன் விளிம்பை விரலால் மடித்துக்கொண்டே ஓட்டுத்தையல் போடுகிறார். துண்டு முடிகிற இடத்தில், அதன் பிசிறு மறையும்படி அடுத்த துண்டு ஏறி உட்காருகிறது. நான்கு ஓரங்களையும் சுற்றி வந்தபின் உள்வரிசை. அப்படியே சுற்றிச் சுற்றி நடுவில் போய் முடியும். வேறு பல ஊர்களில் ஒட்டுத்துணிப் போர்வை என்றால் மேல்துணியை முழுதாக இணைத்துவிட்டுப் பிறகுதான் அடித்துணியோடு சேர்ப்பார்கள். இங்கே துண்டை ஒட்டுவதும் அடுக்குகளைப் பிணைப்பதும் ஒரே தையல்.

கிட்டத்தில் குனிந்து பார்த்தேன். வெள்ளை நூல், இரட்டையாகக் கோத்தது. துணியை இடக்கையால் சுருக்கிக் கொடுக்க, ஊசியில் நாலைந்து தையல் ஒன்றாக ஏறுகிறது, பிறகுதான் இழுக்கிறார். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே ஒரு விரல் வைக்க இடமில்லை. கோடுகள் நேராக இல்லை, ஆற்றுமணலில் காற்று போட்ட வரிகளைப்போல லேசாக நெளிகின்றன. இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் அக்கம்பக்கத்து வரிசைகள் துணியைப் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் இழுத்துப் பிடித்துச் சண்டை போடும் பொருளுக்கு இது வேண்டியதுதான்.

துணிக்குவியலில் மருமகனின் லுங்கி, யாருடையதோ பள்ளிச் சீருடை, கிழிந்த தலையணை உறை. ஜரிகையும் நைலானும் தனியே கிடந்தன. “குழந்தைக்கு உறுத்தும்” என்றார். பெரிய துண்டுகளின் மேல் சிவப்பும் மஞ்சளுமாகச் சிறுசிறு துண்டுகளை வைத்துத் தைப்பதைத் திகெலி என்கிறார்கள். கண்ணுக்கு அழகே அதுதான். கிறிஸ்தவ வீடுகளில் சிலுவையும் முஸ்லிம் வீடுகளில் பிறையும் இந்தத் துண்டுகளில் வந்துவிடுவதுண்டு.

மூலைகளில் முக்கோணமாக மடித்த துணி அடுக்குகளைச் செருகினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அதற்குப் பூலா, அதாவது பூ, என்று பெயர். அதைப் போடாவிட்டால் என்ன என்று கேட்டேன். என்னோடு வந்த கன்னட நண்பர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: “அம்மணமா இருக்குமாம்.”

சித்தி மக்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். போர்த்துகீசியரின் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, தப்பி, உத்தர கன்னடக் காடுகளுக்குள் புகுந்தவர்களின் வழிவந்தோர் பலர். 2003-இல்தான் இந்த மாவட்டத்துச் சித்திகள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அடைமழையும் குளிரும் உள்ள மலைநாட்டில் கவந்தி இல்லாமல் தூங்க முடியாது. ஆனாலும் அது வீட்டோடு கிடந்த பொருள்தான். 2004-ஐ ஒட்டி, அமெரிக்கக் கலை வரலாற்றாளர் ஹென்றி ஜான் ட்ரூவல் போன்றோரின் துணையோடு பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து விற்கத் தொடங்கினார்கள். பின்னர் கவந்திகள் அயல்நாட்டுக் கண்காட்சிகள்வரை போயின.

சந்தை வந்தால் சந்தையின் விருப்பமும் வரும். இன்ன நிறம் வேண்டும், புதுத்துணியாக வேண்டும் என்று சிலர் கேட்கிறார்களாம். “புதுத்துணியில ஊசி ஏறாது, விரல் வலிக்குது. ஆனா காசு வருதே” என்றார் பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த அக்கா. அவர் சொன்னதில் தப்பு காண எனக்கு வாயில்லை. பகலெல்லாம் கூலிவேலை, மிச்ச நேரத்தில் தையல். என்றாலும், வாங்குபவரின் அறைச் சுவருக்குப் பொருத்தமாக நீலமும் சாம்பலுமாக அந்த அம்மா தைத்து வைத்திருந்த கவந்தி சப்பென்று இருந்தது. அதே கைதான் பேத்திக்குத் தைத்ததில் பச்சைக்குப் பக்கத்தில் ரோஜா நிறத்தை வைத்திருந்தது. கடைக்காரர் யாரும் அப்படி வைக்கச் சொல்லியிருக்க மாட்டார்.

உங்கள் பிள்ளையின் கட்டிலுக்குக் கவந்தி வாங்க நினைத்தால் நீள அகலத்தை மட்டும் சொல்லுங்கள், நிறத்தை அவர்களிடம் விட்டுவிடுங்கள். பழந்துணிதானே என்று பேரம் பேசாதீர்கள். வீட்டில் மெத்தென்று நைந்த பருத்திப் புடவை இருந்தால் துவைத்து எடுத்துப்போங்கள்; அடித்துணிக்கு ஆகும்.