பெயர்ப்பட்டியலில் இல்லாத தெரசா ஹாரிஸ்

1947இல் வெளிவந்த ‘அவுட் ஆஃப் த பாஸ்ட்’ படத்தில் கறுப்பின நடிகை தெரசா ஹாரிஸ் ஒரே ஒரு காட்சியில்தான் வருகிறார். கறுப்பின மக்கள் கூடும் நியூயார்க் இரவு விடுதியில், அழகாக உடுத்திக்கொண்டு நண்பரோடு உட்கார்ந்திருக்கிறார். தலைமறைவாகிவிட்ட அவருடைய முன்னாள் எஜமானியைத் தேடி வருகிறார் துப்பறிவாளராக நடிக்கும் ராபர்ட் மிட்சம். ஃப்ளோரிடா போய்விட்டாள் என்கிறார் தெரசா. பேச்சில் தடுப்பூசி ஒன்றும் வந்துவிடுகிறது. ஃப்ளோரிடாவுக்குப் போக ஊசி எதற்கு? மெக்சிகோதான் என்று மிட்சம் ஊகித்துக்கொள்கிறார். கதை அங்கிருந்துதான் வேகமெடுக்கிறது. படத்தின் பெயர்ப்பட்டியலில் தெரசா இல்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் நாங்கள் குடியேறிய தெருவில் இருந்த கறுப்பின மூதாட்டி ஒருவர்தான் அவரை எனக்குக் காட்டித் தந்தார். அந்த அம்மாவின் தாய் பிறர் வீடுகளில் சமையல் வேலை செய்தவர். அதனால் பழைய படங்களில் பணிப்பெண் வந்தால் போதும், இந்த மூதாட்டி கதாநாயகியை விட்டுவிட்டு அவளையே கவனிப்பார். எனக்கும் அந்தப் பார்வை ஒட்டிக்கொண்டது. 1933இல் வந்த ‘பேபி ஃபேஸ்’ படத்தில், தெரசாவை வேலையைவிட்டுத் துரத்தினால் தானும் போய்விடுவேன் என்று தந்தையை மிரட்டுவார் கதாநாயகி பார்பரா ஸ்டான்விக். இருவரும் தோழிகளாகவே ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள். அத்தகைய நெருக்கம் திரையில் அபூர்வம். பெரும்பாலும் தெரசாவுக்குக் கிடைத்தது ஏப்ரன்தான்.

திறமைக் குறைவு இதற்குக் காரணமே அல்ல. கறுப்பர், வெள்ளையர் காதலைத் திரையில் காட்டத் தணிக்கை விதிகள் 1956 வரை தடை போட்டிருந்தன. கறுப்பினப் பாடகி லீனா ஹார்னின் பாடல் காட்சிகளைக் கதையோடு ஒட்டாமல் எடுத்தார்கள். தென்மாநிலத் திரையரங்குகள் வெட்டி எறிய வசதியாக. 1949இல் ‘பிங்கி’ படத்தில் கறுப்பினப் பெண்ணாக நடித்தவர் ஜீன் கிரெய்ன் என்ற வெள்ளைக்காரர். 1929இல் ‘ஹாலெலூயா’ படத்தில் கதாநாயகியாக ஆடிப் பாடி அசத்திய நீனா மே மெக்கின்னிக்கு அதே ‘பிங்கி’யில் சிறு வேடம். இருபது ஆண்டுகளில் ஒரு நடிகை அடைந்த உயர்வு இது! இதை என்னால் ஆத்திரமில்லாமல் சொல்ல முடியவில்லை.

இங்கே குடியேறிய நம்மவர் விருந்துகளில் கறுப்பின மக்களைப் பற்றி இளக்காரமாகப் பேசக் கேட்டிருக்கிறேன். இந்தக் கதைகளை அறிந்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. ஆசியர்களுக்கு இந்த நாட்டின் கதவை அகலத் திறந்தது 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம். அதற்கு வழி செய்தது கறுப்பின மக்களின் குடிசார் உரிமைப் போராட்டம் எழுப்பிய அலை. அவர்கள் அடிபட்டுச் சிறைசென்ற தெருக்களின் வழியாகத்தான் நாம் விசாவோடு வந்து இறங்கினோம்.

தெரசாவின் வாழ்க்கை தந்த உந்துதலில் நாடகாசிரியர் லின் நாட்டேஜ் எழுதிய ‘பை த வே, மீட் வேரா ஸ்டார்க்’ 2011இல் நியூயார்க்கில் மேடையேறியது. அதில் பணிப்பெண்தான் கதாநாயகி. 1985இலேயே காலமாகிவிட்ட தெரசா அதைப் பார்க்கவில்லை.