இடது கண்ணுக்கு மயில் கழுத்து

பெங்களூருல இருந்து சென்னைக்கு கார்ல போறதுன்னா எங்க வீட்டுல மூணு கட்சி. ரங்கமணிக்கு ஆம்பூர் பிரியாணி வேணும். பத்தாவது படிக்கிற பையனுக்கு போன் சார்ஜர் வேணும். எனக்கு எங்கேயும் நிக்காம மதிய சாப்பாட்டுக்கு அண்ணன் வீட்டுல இருக்கணும். இந்த தடவை நாலாவதா ஒரு கட்சி பின் சீட்டுல உக்காந்திருந்துச்சு. எங்கம்மா. அவங்க கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான்.

"காஞ்சிபுரத்துல ஒரு அரை மணி நேரம் நிறுத்துங்க மாப்ளே."

பட்டுப்புடவைக் கடையில அரை மணி நேரம்! ரங்கமணி என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் கல்யாணம் ஆன எல்லாருக்கும் தெரியும். ஆனா மாமியார் கேட்டு மாட்டேன்னு சொல்ற ஆள் இல்லை அவர். "அதுக்கென்ன அத்தை, ஒரு மணி நேரமே நிறுத்தலாம்"னு சொல்லிட்டார்.

அண்ணன் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம், தையில கல்யாணம். பேத்தி கல்யாணத்துக்குக் கட்ட தனக்கு ஒரு புடவை வேணும்னு அம்மா கேட்டதே எனக்கு ஆச்சரியம். 75 வயசுல இதுவரைக்கும் தனக்குன்னு வாய் திறந்து ஒரு புடவை கேட்டு நான் பார்த்ததில்லை. நாங்களா வாங்கிக் கொடுத்தாலும் "இது எதுக்கு, பீரோவுல இடமில்லை"தான்.

அட்டிபெலே, கிருஷ்ணகிரி, வாணியம்பாடின்னு டோல்கேட் டோல்கேட்டா ஃபாஸ்டாக்ல காசு கரைஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஆம்பூர் வந்தப்ப மணி காலை ஒன்பதரை. "இந்நேரத்துக்கு எவனாவது பிரியாணி திம்பானா"ன்னு நான் கேட்க, சீரக சம்பா அரிசியைப் பத்தியும் கத்தரிக்காய் தொக்கைப் பத்தியும் ஒரு பிரசங்கம் நடந்துச்சு. கடைசியில பக்கத்து ஓட்டல்ல இட்லி சாப்பிட்டோம். அதுக்கப்புறம் வாலாஜா வரைக்கும் கார்ல ஒரே மௌனம்.

அம்மா மட்டும் ஒரு வேலையா இருந்தாங்க. ஒரு கண்ணை மூடி ஜன்னல் வழியா பார்க்கறது, அப்புறம் மாத்தி அடுத்த கண்ணை மூடிப் பார்க்கறது. ரெண்டு மாசம் முன்னாடிதான் இடது கண்ணுல புரை ஆபரேஷன். வலது கண் இன்னும் பாக்கி. புரை விழுந்த லென்ஸ் மஞ்சள் கண்ணாடி மாதிரி, நீலத்தை எல்லாம் தடுத்துடும், புது லென்ஸ் வெச்சதும் நீலம் பளிச்சுனு தெரியும்னு டாக்டர் சொல்லியிருந்தார். அதுலேருந்து அம்மாவுக்கு இதுதான் பொழுதுபோக்கு. "இந்தக் கண்ணுக்கு வானம் வானமா இருக்கு. இந்தக் கண்ணுக்கு டீ டிகாஷன் ஊத்தின மாதிரி இருக்கு." பையன் விழுந்து விழுந்து சிரிச்சான்.

ஊருக்குள்ள திரும்பினதும் கே.ஏ. நம்பர் பிளேட்டைப் பார்த்துட்டு ஒரு பைக் பின்னாடியே வந்துச்சு. "சார், தறியிலேயே நேரா வாங்கலாம் சார், கடை விலையில பாதி." ரங்கமணிக்கு பாதி விலைன்னு காதுல விழுந்தா போதும். பைக் பின்னாடி நாலு சந்து சுத்தி ஒரு வீட்டுக்குப் போனோம். முன் அறையில ஒரு தறி, அதுல பாதி நெய்த புடவை. தறியில ஆள் இல்லை. பின் அறையில நல்ல பெரிய கடை, ஏசியோட. அம்மா தறியை மட்டும் சுத்தி வந்து பார்த்தாங்க. "கோர்வைக்கு ரெண்டு ஆள் வேணும். ஒரு ஆள் நெய்ய, பக்கக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள். இங்க அந்த ரெண்டாவது ஆள் உக்கார இடமே இல்லையே, சுவத்தோட ஒட்டிக் கிடக்கு"ன்னாங்க. பைக்காரர் ஆளையே காணோம்! நாங்களும் நைசா கிளம்பிட்டோம்.

இதெல்லாம் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். "என் முகூர்த்தப் புடவை எடுக்க வந்தப்போ எங்கப்பா காட்டினார்." 1969-ல.

அந்தப் புடவைக்காக இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

மயில் கழுத்து கலர், அரக்கு கரை, தாழம்பூ ரேக்கு. சின்ன வயசுல பீரோவைத் திறந்தா அதுதான் முதல்ல கண்ணுல படும். 1991-ல நான் காலேஜ் சேரணும். அப்பா வேலை பார்த்த மில்லுல லாக் அவுட். ஹாஸ்டலுக்குக் கட்ட பணம் இல்லை, நகை எல்லாம் ஏற்கெனவே அடகுல. அம்மா என்னையும் கூட்டிக்கிட்டு திருச்சி பெரிய கடை வீதிக்குப் போனாங்க. பழைய பட்டுல இருக்கற ஜரிகையை உருக்கி வெள்ளி எடுக்கறவங்க உண்டு இல்லையா, அப்படி ஒரு கடை. கடைக்காரர் கரையில ஒரு துண்டு கத்தரிச்சு, ஒரு கிண்ணத்துல போட்டு தீக்குச்சியைப் பத்த வெச்சார். பட்டு கருகின நாத்தம், முடி கருகற மாதிரி. சாம்பலை ஊதினார். அடியில வெள்ளையா மின்னுச்சு. "நல்ல சரக்குதான்மா"ன்னார்.

அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "ஜரிகையை மட்டும் எடுத்துக்கிட்டு உடலைத் திருப்பித் தருவீங்களா?"

கத்தரிச்சு, கரையும் முந்தியும் இல்லாத வெறும் மயில் கழுத்துத் துணியை ஒரு பேப்பர்ல சுத்திக் கொடுத்தார். நான் அப்போ என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னா, பஸ் போயிடும்னு அவசரப்படுத்திக்கிட்டிருந்தேன். அந்தத் துணியில அம்மா எனக்கு ஒரு பாவாடை தைச்சுக் கொடுத்தாங்க, காலேஜுக்கு. ரெண்டாவது வருஷம் ஆண்டு விழா டான்ஸுக்கு யாரோ ஹாஸ்டல் தோழி கேட்டா, கொடுத்தேன். திரும்பி வரலை. கேட்கவும் இல்லை நான். யாருக்குக் கொடுத்தேன்னு இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் வரலை.

சரி, காஞ்சிபுரத்துக்கு வருவோம்.

காந்தி ரோடுல ஒரு பழைய கடைக்குள்ள போய் பாய்ல உக்காந்தோம். (ரங்கமணி ஒரு ஸ்டூல் பிடிச்சுக்கிட்டார். பட்டுக்கடையில ஆம்பளைங்களுக்குன்னே ஒரு ஸ்டூல் போட்டு வெச்சவன் புண்ணியவான்.) நான் வர்ற வழியிலேயே மனசுல முடிவு பண்ணிட்டேன். எவ்வளவு ஆனாலும் அசல் ஜரிகைதான், அதே மயில் கழுத்துதான். சில்க் மார்க் இருந்தா பட்டு அசல்னு மட்டும்தான் அர்த்தம், ஜரிகைக்கு அது சாட்சி இல்லை. ஜரிகையை மெஷின்ல வெச்சு வெள்ளி எவ்வளவு, தங்க முலாம் எவ்வளவுன்னு காட்டச் சொல்லணும்னு எல்லாம் படிச்சுட்டு வந்திருந்தேன். எல்லாத்தையும் கேட்டேன். கடைக்காரரும் சலிக்காம காட்டினார்.

மயில் கழுத்துன்னு கேட்டதுக்கு பதினஞ்சு புடவை விரிஞ்சுது. பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர். அசைச்சா நீலம், சாய்ச்சா பச்சை. அம்மா ஒவ்வொண்ணையும் கையில எடுத்து, முதல்ல வலது கண்ணை மூடி, அப்புறம் இடது கண்ணை மூடி. "இந்தக் கண்ணுக்கு மயில் கழுத்து. இந்தக் கண்ணுக்கு குளத்துப் பாசி." கடைக்காரர் முழிச்சார். ட்யூப் லைட்ல தெரியாதும்மான்னு வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துட்டுப் போய் பிடிச்சார். அங்கேயும் அதேதான்.

"எந்தக் கண்ணுக்கும்மா வாங்கப் போறே?"ன்னு நான் சிரிச்சேன்.

"ஆபரேஷன் ஆன கண்ணுக்கு அந்தப் புடவையே தெரியாதேடி. அப்புறம் எதை வெச்சு ஒத்துப் பார்க்கறது?" கொஞ்ச நேரம் கையில இருந்ததைத் தடவிக்கிட்டே இருந்துட்டு, "அந்தப் பாவாடை இருந்திருந்தா கொண்டு வந்திருக்கலாம்"னாங்க.

அவ்வளவுதான் சொன்னாங்க. குரல்ல ஒரு குறையும் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு தடவை கூட அதைப் பத்தி கேட்டதில்லை. எனக்கு பாய்ல உக்கார முடியலை. பையனுக்கு தண்ணி வாங்கற சாக்குல வெளியே போய் நின்னேன். அவன் கையில ஏற்கெனவே தண்ணி பாட்டில் இருந்துச்சு.

திரும்பி வந்தப்போ அம்மா ஒரு புடவையை மடியில வெச்சிருந்தாங்க. மயில் கழுத்துதான், அரக்கு கரைதான். விலைச் சீட்டைப் பார்த்தா நான் நினைச்சிருந்ததுல கால் பங்கு கூட இல்லை. கடைக்காரர் சங்கடமா, "அம்மா டெஸ்டட் ஜரிகைதான் கேட்டாங்க. இதுல வெள்ளி பேருக்குத்தான், உள்ள செம்பு"ன்னார்.

"என்னம்மா இது? காசைப் பத்தி நீ ஏன் யோசிக்கறே? அசல் ஜரிகை எடு, நான்தானே வாங்கறேன்."

"காசுக்காக இல்லடி." முந்தியைப் பிரிச்சு ரேக்கு மேல விரலை ஓட்டினாங்க. "இதை யாரும் கொளுத்திப் பார்க்க மாட்டாங்க."

ரங்கமணி ஸ்டூல்லேருந்து எழுந்து வந்து, "நல்லாருக்கு அத்தை, இதையே எடுத்துக்குங்க"ன்னு கார்டை நீட்டிட்டார். நான் எதுவும் பேசலை.

அரை மணி நேரம் ரெண்டே கால் மணி நேரம் ஆகியிருந்துச்சு. அண்ணன் அதுக்குள்ள ஏழு தடவை கூப்பிட்டுட்டான். ஸ்ரீபெரும்புதூர் கிட்ட ரோடு வேலை, வண்டி நத்தை மாதிரி ஊர்ந்துச்சு. ரங்கமணி திரும்பி வரும்போது ஆம்பூர்ல மதியம் ஒரு மணிக்குக் கரெக்டா இருக்கற மாதிரி பையன்கிட்ட கணக்குப் போட்டுக்கிட்டிருந்தார். பின்னாடி திரும்பிப் பார்த்தேன். அம்மா பையிலேருந்து புடவையை வெளியே எடுத்து ஜன்னல் வெயில்ல பிடிச்சிருந்தாங்க. இடது கண் மூடியிருந்துச்சு.

"அடுத்த மாசம் இந்தக் கண்ணையும் பண்ணச் சொல்லியிருக்கார் டாக்டர்"னாங்க. "கொஞ்சம் தள்ளிப் போட முடியுமான்னு கேளேன்."