1964-க்கு முன், பின்

நான் துப்பாக்கி சுட்டதில்லை. வேட்டைக்குப் போனதுமில்லை. எனக்குப் பரிச்சயமான ஒரே துப்பாக்கி, எங்கள் கிளை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலரின் இரட்டைக் குழல்தான். ஆனாலும் சில மாதங்களாக ஒரு அமெரிக்க வேட்டை ரைஃபிளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஹெமிங்வேயின் ஆப்பிரிக்கக் கதைகளில் வரும் ரைஃபிள்கள் எத்தகையவை என்று தெரிந்துகொள்ளப் போய், வழி தவறி, வின்செஸ்டர் மாடல் 70-இல் வந்து நின்றேன்.

மாடல் 70 உற்பத்திக்கு வந்தது 1936-இல். 1964-இல் அதை மாற்றி அமைத்தார்கள். அதிலிருந்து அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கு இரண்டு மாடல் 70 உண்டு: 1964-க்கு முந்தியது, பிந்தியது. முந்தியதற்குச் சந்தையில் விலை. பிந்தியதற்கு உதட்டுப் பிதுக்கல். புதியவற்றின் வரிசை எண்ணை 7,00,000-இலிருந்து தொடங்கினார்கள். ஆகவே சுட்டுப் பார்க்காமலே, எண்ணை மட்டும் படித்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியும்.

தீர்ப்புக்கு ஆதாரம் இல்லாமலில்லை. பழையதில் போல்ட்டின் பக்கவாட்டில் நீளமான ஒரு எஃகு நகம் உண்டு. ஜெர்மானிய மௌசரின் 1898 ரைஃபிள் வழி வந்த அமைப்பு. தோட்டா பெட்டியிலிருந்து மேலே எழும்போதே அதன் அடிவிளிம்பு இந்த நகத்துக்குள் நுழைந்துவிடும். குழலின் அறைக்குள் போகும்போதும், சுட்டபின் காலிக்கூடாகத் திரும்பும்போதும் நகம் அதை விடாது. புதியதில் போல்ட் தோட்டாவை வெறுமே முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது. பூட்டும் கணத்தில்தான் ஒரு சிறு கொக்கி அதைப் பற்றுகிறது. எதிரே காட்டெருமை வரும்போது, பதற்றத்தில் போல்ட்டைப் பாதியில் நிறுத்திப் பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளினால், முதல் தோட்டா எந்தப் பிடியுமின்றி அறையில் கிடக்க, இரண்டாவது அதன் முதுகில் போய் முட்டும். துப்பாக்கி அடைத்துக்கொள்ளும்.

காலிக்கூட்டை வெளியேற்றும் முறையும் மாறியது. பழையதில் போல்ட்டை மெல்ல இழுத்தால் கூடு கையருகிலேயே விழும்; வேகமாக இழுத்தால் தூரத்தில் போய் விழும். புதியதில் ஒரு சுருள்வில் அந்த வேலையைச் செய்கிறது. எப்படி இழுத்தாலும் ஒரே வீச்சுதான். மரக்கட்டையில் கைபிடிக்கும் இடத்தில் முன்பு கையால் குறுக்கும் நெடுக்கும் கோடு வெட்டுவார்கள். சிறு சிறு வைரமுனைகள் எழுந்து நின்று உள்ளங்கையைப் பற்றும். புதியதில் சூடான அச்சை அழுத்திக் கோலத்தைப் பதித்தார்கள். முனைகள் எழவில்லை, பள்ளங்கள்தான் விழுந்தன. கண்ணுக்குப் பிடி போலத் தெரியும், கைக்கு வழுக்கும்.

காரணம் பணம். எஃகைக் கடைந்து, கையால் பொருத்திச் செய்யும் வேலைக்குக் கூலி ஏறிவிட்டது. 1962-இல் வந்த ரெமிங்டன் 700 சுலபமாகச் செய்யக்கூடியது, குறியும் தப்பாதது. இதோடு பழைய முறையில் போட்டி போட இயலவில்லை. அவுட்டோர் லைஃப் பத்திரிகையில் நெடுங்காலம் துப்பாக்கிகளைப் பற்றி எழுதிய ஜாக் ஓ'கானர், பழைய மாடல் 70-ஐக் கொண்டாடியவர். புதியதைக் கண்டு முகம் சுளித்தார். ஒரு விமர்சகன் முகம் சுளித்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ரைஃபிள் ஒரு சாட்சி.

இந்த இடத்தில்தான் எனக்குச் சங்கடம் தொடங்கியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே பக்கங்களில் ஒரு கவிஞரின் இரண்டாம் தொகுப்பைப் பற்றி எழுதினேன். பெயர் வேண்டாம், நம் வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். முதல் தொகுப்போடு அந்தக் கை நின்றுவிட்டது என்பது என் முடிவு. அதன் பிறகு அவர் எதையும் அச்சுக்குத் தரவில்லை. ஒரு முறை எங்கள் கிளைக்கு வந்து, என் கவுண்டரில் பாஸ்புக்கை நீட்டினார். பதிந்து கொடுத்தேன். "சௌக்கியமா?" என்றார். "சௌக்கியம் சார்" என்றேன். போய்விட்டார்.

அந்தக் கட்டுரையை எடுத்து இப்போது படித்துப் பார்த்தேன். பதினொரு பத்திகள். எடுத்துக்காட்டிய கவிதை வரிகள் இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் 'அப்போது', 'இப்போது'. கவிதையைப் படிக்கவில்லை, வரிசை எண்ணைப் படித்திருக்கிறேன்.

ரைஃபிளின் கதையிலும் அந்தத் தேதி சொல்லாமல் விடுவது நிறைய. 1964-க்கு முன்பே, ஐம்பதுகளின் பிற்பகுதியிலிருந்து, தேய்ந்த கருவிகளாலும் அவசரத்தாலும் பழையதன் செய்நேர்த்தி சரியத் தொடங்கிவிட்டது. யுத்தத்துக்கு முந்தியதே உயர்ந்தது என்று இன்னும் பின்னால் கோடு கிழிப்பவர்களும் உண்டு. தோட்டாவின் அடி கிழிந்து வாயு பின்னால் பீறிடும் அரிய விபத்தில், அடியைச் சுற்றி வளைத்திருக்கும் புதிய போல்ட்தான் சுடுபவனுக்கு அதிகக் காப்பு. வியட்நாமில் மாடல் 70-ஐயும் பயன்படுத்திய அமெரிக்க மரைன் படை, 1966-இல் குறிசுடுவோருக்கென்று ஏற்ற எம்40, ரெமிங்டன் 700-இன் வழி வந்தது; தோட்டாவைத் தள்ளும் வகை. வின்செஸ்டரும் 1968-இலேயே புதியதன் சில குறைகளைச் சரி செய்தது. தொண்ணூறுகளில் பழைய நகமே திரும்பி வந்தது. 2006-இல் நியூ ஹேவன் தொழிற்சாலையை மூடினார்கள். 2008-இல் தென் கரோலினாவில் மறுபடி தொடங்கிய மாடல் 70-இலும் நகம் உண்டு. இதில் எது பழையது, எது புதியது?

அதற்காக எல்லாம் ஒன்றுதான் என்று சொல்ல நான் தயாரில்லை. நகம் போனது நஷ்டம். அச்சுக் கோலம் மட்டம். ஆனால் இரண்டையும் ஒரே நஷ்டமாக எழுதுவது சோம்பேறித்தனம்.

எங்கள் காவலர் ராணுவத்தில் இருந்தவர். ஒரு மதிய இடைவேளையில் இந்த நகத்தைப் பற்றி அவரிடம் பேனாவையும் அதன் மூடியையும் வைத்துக்கொண்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "சார், சுடுறது யாரும் சுட்டுருவாங்க" என்றார். "சுட்ட கூடு வெளிய வரணும். அது உள்ள மாட்டிக்கிச்சுன்னா கையில இருக்கிறது கம்புதான்."

"அப்ப பழசுதான் நல்லதுங்கிறீங்களாண்ணே?"

"பழசு புதுசு என்ன சார்? கையில குடுங்க, போல்ட்ட நாலு தடவை இழுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்."

அன்று இரவு இரண்டாம் தொகுப்பை மறுபடி எடுத்தேன். மூன்று கவிதைகளில் பழைய படிமங்களையே மேலே அழுத்திப் பதித்திருக்கிறார், முனை எழவில்லை. அதை இப்போதும் சொல்வேன். ஆனால் தாயாரின் ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றிய நீண்ட கவிதை இருக்கிறது. உரைநடை என்று ஒரே வார்த்தையில் நான் ஒதுக்கியது. முதல் வரியில் படுக்கை விரிப்பின் நுனியை ஒரு கை பற்றுகிறது. கடைசி வரியில் அதே கை விரிப்பை மடித்து வைக்கும்வரை கவிதை எதையும் நழுவ விடவில்லை. முதல் தொகுப்பின் சிறு கவிதைகள் எதிலும் இவ்வளவு நீளப் பிடி இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் இது என் கண்ணில் படவில்லை.

அடுத்த முறை அவர் பாஸ்புக்கோடு வரும்போது நேரிலேயே சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஆனால் இப்போது கிளை வாசலில் பாஸ்புக் பதியும் இயந்திரம் வைத்துவிட்டார்கள். அவர் என் கவுண்டர்வரை வர வேண்டிய அவசியமில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.