கேட்கிறதா உம்மா?

நம் வீட்டுக் கூடத்தில், கிப்லாப் பக்கத்துச் சுவரோரமாக ஒரு சிறு மேசை இருக்கிறது. முன்னர் அதன்மீது கறுப்பு நிறத் தொலைபேசி ஒன்று கனமாக அமர்ந்திருந்தது. இப்பொழுது அங்கே வெண்ணிறத்தில் இலேசான ஒரு கருவியும், அதனருகே பச்சை விளக்குகள் கண்சிமிட்டும் ஒரு பெட்டியும் இருக்கின்றன. மேசை மாறவில்லை, தொலைபேசி எண்ணுங்கூட மாறவில்லை. மாறியது இன்னதென்று நாம் விளங்கிக்கொள்ளச் சில காலம் பிடித்தது.

நம்மூர் அதிராம்பட்டினம் சபராளிகளின் ஊர். நம் பாட்டனார் தலைமுறை கடல் கடந்து கிழக்கே போயிற்று. நம் வாப்பாவின் தலைமுறை மேற்கே அரபு நாடுகளுக்குப் போயிற்று. 1980களில் நாம் மக்தபில் ஓதிக்கொண்டிருந்தபோது, வாப்பாவின் குரல் நமக்கு ஒலிநாடாவிலேதான் வரும். ஊருக்குத் திரும்பும் யாரிடமாவது ஒரு நாடாவைக் கொடுத்தனுப்புவார்கள். உம்மா அதைப் போட்டுக் கேட்பார்கள், மறுநாளும் கேட்பார்கள், நாடா தேய்ந்து வாப்பாவின் குரல் குழறும் வரையில் கேட்பார்கள். பின்னர் செம்புக் கம்பித் தொலைபேசி வந்தது. நாடாக்கள் அலமாரிக்குள் போயின.

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜாப் புயல் நம் கடற்கரையை மோதிற்று. தென்னைகள் சாய்ந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, அவற்றோடு நம் தெருவின் தொலைபேசிக் கம்பியும் அறுந்து சேற்றில் கிடந்தது. மின்சாரம் திரும்பி வரவே நெடுநாள் ஆயிற்று. செம்புக் கம்பியோ திரும்பி வரவே இல்லை. நெடுங்காலம் மனு எழுதிய பின்பு, நிறுவனத்தார் வந்து கண்ணாடி இழையை வீட்டுக்குள் இழுத்துப் பெட்டியொன்றைப் பொருத்தினார்கள். "இனி உங்கள் தொலைபேசியும் இன்டர்நெட் வழியாகத்தான், ஹஜ்ரத். கொரகொரப்பே இருக்காது" என்றார் பொருத்திய இளைஞர். கொரகொரப்பு இல்லைதான்.

முதற்குறை சலாத்திலேயே தென்பட்டது. துபையிலிருந்து நம் தம்பி அழைப்பார். நாம் கருவியை எடுத்ததும் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்போம். மறுமொழி வராது. காது கேட்கவில்லை போலும் என்று மீண்டும் சலாம் சொல்லத் தொடங்கும்போது, முதற் சலாத்துக்கான பதில் வந்து நம் இரண்டாம் சலாத்தின்மீது மோதும். அவரும் தம் பேச்சை நிறுத்துவார், நாமும் நிறுத்துவோம். பின்னர் இருவரும் ஒரே சமயத்தில் தொடங்குவோம். குறுகிய ஒழுங்கைக்குள் எதிரெதிரே வந்த இருவர் வழிவிட்டு வழிவிட்டே நின்றுபோவதை ஒக்கும் இது.

இதன் காரணத்தை நம்மிடம் ஓதி, இன்று பொறியியல் பயின்ற மாணவர் ஒருவர் விளக்கினார். பழைய கம்பியில் நம் குரல் ஒரே ஓட்டமாகப் போயிற்று. இப்பொழுதோ ஒரு விநாடிக் குரலை 8,000 இடங்களில் அளந்து எண்களாக மாற்றி, அவ்வெண்களைப் பெரும்பாலும் ஐம்பது பொட்டலங்களாகக் கட்டி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு பொட்டலமும் தன் வழியே போகிறது. சில முந்தும், சில பிந்தும், சில தொலையும். அப்பக்கத்துக் கருவி அவற்றைச் சற்றே தேக்கி வைத்து வரிசைப்படுத்தி ஒலிக்கிறது. அந்தத் தேக்கமும், நெடுவழிப் பயணமும் கூடித்தான் தாமதம். ஒரு வழிக்கு 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேசுவோர் அதிகம் உணரமாட்டார்களாம். அதைத் தாண்டத் தாண்டப் பேச்சு தடுமாறும். பிந்தி வந்த பொட்டலத்தை எறிந்துவிடுவார்கள். தொலைந்ததை மறுமுறை கேட்டு வாங்க நேரமில்லை.

"தொலைந்த இடம் வெறுமையாக இருக்குமே?" என்றோம். "இல்லை ஹஜ்ரத், முந்திய ஒலியையே சற்று நீட்டி அந்த இடத்தை நிரப்பிவிடும்" என்றார். நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹதீஸ் கலை பயின்றோர் அறிவார்கள்: அறிவிப்பாளர் வரிசையில் ஓர் ஆள் விடுபட்டிருக்க, விடுபட்டது தெரியாதவாறு வாசகத்தை அமைத்துச் சொல்வதற்குத் தத்லீஸ் என்று பெயர். விடுபட்டது வெளிப்படையாகத் தெரிந்தால் அது முன்கதிஃ, அதையாவது கண்டுகொள்ளலாம். நம் வீட்டு மேசையில் ஒரு முதல்லிஸ் உட்கார்ந்திருக்கிறான் என்று அன்றே அக்கருவிக்கு நாம் பெயர் வைத்துவிட்டோம்.

உம்மாவுக்கு வேறொரு குறை. எண்பதைக் கடந்தவர்கள், ஒரு காது மந்தம். ஒளிரும் கைப்பேசியைக் காதில் வைத்தால் கன்னம் பட்டு அழைப்பே அறுந்துவிடும். ஆதலின் மேசைத் தொலைபேசிதான் அவர்களுக்கு. வாட்ஸ்அப் வழியே முகம் பார்த்துப் பேசலாமே என்று கேட்போர் உண்டு. சவூதியில் இன்டர்நெட் வழி அழைப்புகளுக்கு இருந்த பொதுத் தடையை 2017 செப்டம்பரில் நீக்கினார்கள். தம்பி இருந்ததோ துபையில். அங்கே அந்தத் தடை பின்னும் நீடித்தது. எனவே காசு கொடுத்து நம் வீட்டு எண்ணுக்கே அழைப்பார். பழைய தொலைபேசியில் எதிர்ப்பக்கத்தார் பேசாதபோதும் மெல்லிய இரைச்சல் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். புதியதில் பேச்சு நின்றால் முழு நிசப்தம். உம்மா உடனே, "வச்சுட்டானா?" என்று கருவியை நம்மிடம் நீட்டிவிடுவார்கள். பேசுவோர் இப்படி அஞ்சுகிறார்கள் என்பதற்காகவே சில இடங்களில் பொய்யான ஓர் இரைச்சலை இயந்திரமே உண்டாக்கிக் காதில் ஊதுகிறதாம். நம் கருவிக்கு அந்தப் பரிவும் இல்லை.

எல்லாவற்றினும் கொடியது ஒருவழிக் குரல். மணி அடிக்கும், எடுப்போம், அவர் பேசுவது நமக்குத் தெளிவாகக் கேட்கும், நாம் பேசுவது அவருக்குக் கேட்காது. மணியடிக்கச் செய்யும் தகவல் ஒரு வழியிலும், குரல் மற்றொரு வழியிலும் போவதால் வரும் வினை இது என்றார் அம்மாணவர். அழைப்பிதழ் வந்து சேர்ந்துவிடும். விருந்தாளி வேறு தெருவில் விலாசம் தெரியாமல் நிற்பார். வீட்டுப் பெட்டி விலாசங்களை மாற்றிக் கொடுப்பதில் பிசகினால் இப்படி நேருமாம்.

முறையிட்டோம். முறையிடுவதற்கும் அதே தொலைபேசிதான். ஓர் இயந்திரக் குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஏவும், கடைசியில் ஒரு மனிதர் வந்து "ஹலோ, ஹலோ, சார் பேசுங்க" என்பார், நாம் பேசுவது அவருக்குக் கேட்காது, வைத்துவிடுவார். நேரில் வந்தவர்கள் மூன்று முறையும் செய்தது ஒன்றே: பெட்டியை அணைத்துவிட்டுப் போட்டார்கள். இரண்டு நாள் நன்றாயிருக்கும். அப்பிள்ளைகள்மீது நமக்கு மனத்தாங்கல் இல்லை. ஒரு செய்தியை மட்டும் அவர்கள் முதல்நாளே சொல்லியிருக்கலாம். செம்புக் கம்பி தனக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தை நிலையத்து மின்கலங்களிலிருந்து தானே கொண்டுவரும். வீடு இருண்டாலும் தொலைபேசி பேசும். கண்ணாடி இழை ஒளியைத்தான் கொண்டுவரும். வீட்டில் மின்சாரம் போனால் பெட்டி அணையும்; பெட்டி அணைந்தால் தொலைபேசி வெறும் பிளாஸ்டிக்.

இந்நிலையில் தெருவிலொருவர் வந்து, மாப்பிள்ளை சபரில் இருப்பதால் தொலைபேசியிலேயே நிகாஹ் முடித்துவிடலாமா என்று கேட்டார். ஈஜாபையும் கபூலையும் சாட்சிகள் இருவர் காதால் கேட்க வேண்டுமே! 1990 மார்ச்சில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றம், இத்தகைய கருவிகள் வழியே செய்யும் வாணிப ஒப்பந்தங்களை ஏற்றுக்கொண்டபோதும், சாட்சி நிபந்தனையாயிருப்பதால் நிகாஹை அதிலிருந்து விலக்கிற்று. மாப்பிள்ளை ஒரு வக்கீலை நியமிக்கட்டும் என்று சொல்லி அனுப்பினோம். காதால் கேட்பது என்பதன் கனத்தை அன்று கிதாபிலிருந்துதான் எடுத்துச் சொன்னோம்.

தம்பிக்கும் உம்மாவுக்கும் இடையே ஒரு வருத்தம் இருந்தது. கஜாவில் வேரோடு விழுந்த நம் தென்னந்தோப்பை விற்றுவிடலாம் என்றார் தம்பி. "வாப்பா வச்ச மரம் போனா என்ன, மண்ணு இருக்கு" என்றார்கள் உம்மா. பேச்சு முற்றியது. தம்பி சலாம் கொடுக்காமலே பயணம் போனார். பிறகு மாதந்தோறும் அழைத்தார், பணம் அனுப்பினார், அந்த ஒன்றை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

2022ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் ஓர் இரவு இஷாவுக்குப் பின் மணி அடித்தது. உம்மாவுக்கு இரண்டு நாட்களாக நெஞ்சில் சளி, படுத்திருந்தார்கள். கருவியை அவர்களருகே கொண்டுபோய், குரல் அறையில் கேட்கும்படி பொத்தானை அழுத்தினோம். தம்பியின் குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் தெளிவாக வந்தது.

"உம்மா, நான் அன்னைக்கு உங்கள மனசு நோகப் பேசிட்டேன். என்னைப் பொருந்திக்கிருங்க உம்மா."

உம்மா பதில் சொன்னார்கள்.

"உம்மா? கேட்குதா உம்மா?"

உம்மா மீண்டும் சொன்னார்கள், முன்னிலும் உரக்க. நாமும் குனிந்து, "தம்பி, உம்மா சொல்கிறார்கள், கேட்கிறதா?" என்று கத்தினோம். அவருக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. "ஏன் உம்மா பேச மாட்டேங்குறீங்க? ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று அவர் அழத் தொடங்கினார். உம்மா எழுந்து உட்கார்ந்து மூன்றாம் முறையாகச் சொன்னார்கள். அவ்வேளையில் மின்சாரம் போயிற்று. பெட்டியின் பச்சை விளக்குகள் அணைந்தன.

கைப்பேசியில் அவரை அழைத்துப் பார்த்தோம். மழையில் அலைவரிசை நூலாக இழுத்தது. இணைப்புக் கிடைத்தபோது அவர் எடுக்கவில்லை. செய்தியாக எழுதி அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இத்தகைய சொல்லை எழுத்தில் அனுப்புவானேன், விடிந்ததும் உம்மாவையே பேசச் சொல்லலாம் என்று எண்ணினோம். இதை நாம் யார்மீதும் போட இயலாது. ஃபஜ்ருக்கு முன்பாக உம்மா வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். தம்பிக்கு நம் குரலில் முதலில் போய்ச் சேர்ந்தது அந்தச் செய்திதான்.

அஸருக்குப் பின் நல்லடக்கம். தம்பி மஃரிபுக்கு வந்து சேர்ந்தார். கபுரடியில் நின்று ஸியாரத் முடித்துத் திரும்பும்போது, உம்மா பொருந்திக்கொண்டதாக மூன்று முறை வாயால் மொழிந்தார்கள் என்று சொன்னோம். அவர் நம் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"காக்கா, எம் மனசு ஆறணும்னு சொல்றீங்களா?"

முப்பதாண்டுகளாக அறிவிப்பாளர்களின் நம்பகம் பற்றிப் பாடம் சொல்லும் நமக்கு அப்பொழுது வாய் அடைத்துவிட்டது. அவர் கேட்டது நியாயமே. ஆறுதல் சொல்ல வேண்டிய நிலையிலிருப்பவன் தனியொருவனாக வந்து ஒரு செய்தியை அறிவித்தால், ஆராய்பவன் தயங்கத்தான் செய்வான். "உம்மா என்ன வார்த்தை சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க" என்றார். "பொருந்திக்கொண்டேன் வாப்பா என்றார்கள்" என்றோம். அவர் தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள், நம் பேத்தி கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. அன்றிரவு உம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவள். தம்பி அவளைத் தனியே திண்ணைக்கு அழைத்துப்போய், அன்றைக்கு மூத்தும்மா போனில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். நாம் அவளிடம் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் உம்மாவைப் போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு, அதே இழுப்போடு சொன்னாள்:

"பொருந்திக்கிட்டேன் வாப்பா. போக்கத்த பயலே, எதுக்கு அழுவுறே? சோறு தின்னியா?"

பின் இரண்டு வாக்கியங்களையும், மரியாதை கருதி, நாம்தாம் விட்டுவிட்டிருந்தோம். நம்பகமான அறிவிப்பாளர் கூடுதலாகச் சொல்வதை ஏற்பது பற்றி உஸூலில் தனிப் பாடமே உண்டு, பலமுறை நடத்தியிருக்கிறோம்.

தம்பி திண்ணையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று உள்ளிருந்து நமக்கு விளங்கவில்லை. சற்றுப் பொறுத்து, "இன்னொரு தடவை சொல்லு" என்று அவர் கேட்பது காதில் விழுந்தது. அவளும் சொன்னாள்.