ஜெபித்துச் சொல்கிறேன்

சபை வாழ்க்கையில் பழகியவர்களுக்கு இந்த இரண்டு வார்த்தைகளின் அர்த்தம் தெரியும். ஐயர் ஒரு பொறுப்பைச் சொல்லி, "நீங்கதான் செய்யணும்" என்பார். நமக்கு மனதில்லை. ஆனால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வாய் வராது. "ஜெபித்துச் சொல்கிறேன் ஐயா" என்போம். ஐயரும் தலையாட்டிவிட்டுப் போவார். அடுத்த ஞாயிறு அறிவிப்பில் நம் பெயர் வாசிக்கப்படும்.

அஞ்சல் துறையில் 36 வருடம் வேலை பார்த்தேன். அங்கே மேலதிகாரியிடம் முடியாது என்று சொன்னதுண்டு. கேட்பதற்கு யூனியன் இருந்தது. சபையில் யூனியன் ஏது? பொருளாளர், ஓய்வுநாள் பள்ளி, கேரல் ரவுண்ட்ஸ், அறுப்பின் பண்டிகை ஏலம் என்று எல்லாம் வரிசையாக வந்தன. ஓய்வு பெற்ற பிறகு "நீங்கதான் சும்மா இருக்கீங்களே அண்ணாச்சி" என்ற ஒரு வாக்கியமும் சேர்ந்துகொண்டது.

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் இது கொஞ்சம் கூடுதல். 1799-ல் முதலூர் உருவானதே, புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்கள் துன்புறுத்தலுக்குத் தப்பி ஒரே இடத்தில் குடியிருக்கத்தான். அதன்பின் வந்த எத்தனையோ ஊர்களிலும் ஊர்தான் சபை, சபைதான் ஊர். ஞானஸ்நானம், பள்ளிக்கூடம், கல்யாணம், கடைசியில் கல்லறைத் தோட்டம் எல்லாம் அந்த ஒரு கோபுரத்தின் கீழேதான். நம் பெட்டியைத் தூக்க வரவேண்டியவர்களிடம் எப்படி முகத்தை முறித்துக்கொள்வது? போதாததற்கு, ஐயரிடம் முடியாது என்றால் ஆண்டவரிடமே முடியாது என்று சொன்னதுபோல ஒரு பயம்.

என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்த வருடம். வாக்கரைப் பிடித்து வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். அறுப்பின் பண்டிகைப் பொறுப்பைக் கொடுக்க ஐயர் வருகிறார் என்று கோயில்குட்டியார் முன்னாடியே வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பொறுப்பு என்றால் ரசீதுப் புத்தகம், வீடு வீடாக வசூல், பந்தல், அசனத்துக்கு அரிசி, ஆடு, பாத்திரம், பிறகு ஏலம். ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கில் கேட்டவர் பணம் கட்டும்வரை அவர் பின்னால் நடப்பது தனி ஊழியம்.

"என் முழங்காலைக் காரணமாச் சொல்லாதீங்க" என்றாள் மனைவி. "இது மூணு மாசத்துல சரியாயிரும். அப்புறம் என்னத்தைச் சொல்லுவீங்க?"

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. காரணம் சொன்னால் அதைத் தீர்க்க ஆள் வந்துவிடும். முழங்கால் என்றால் துணைக்குப் பெண்கள் சங்கத்திலிருந்து ஒருவரை அனுப்புவார்கள். அலைய முடியாது என்றால் பைக்கோடு ஒரு வாலிபன் வருவான். கடைசியில் காரணம் தீர்ந்து, வேலை மட்டும் நம்மிடம் இருக்கும்.

ஐயர் வந்தார். நல்ல மனுஷர், என் மகன் வயது. "இந்த வருஷம் என்னால முடியாது ஐயா" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். "வேற யாரு அண்ணாச்சி இருக்கா?" என்றார். அதற்கும் பதில் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரச் சத்தம் நன்றாகக் கேட்டது. உள்ளே வாக்கர் சத்தம் நின்றிருந்தது. பிறகு ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினார். ஜெபத்திலும் பண்டிகைக்காக ஒரு வரி இருந்தது.

அன்று இரவு மாற்கு முதல் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். கப்பர்நகூமில் எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீமோன் வந்து சொல்கிறார். இயேசுவோ அடுத்த ஊருக்குப் போவோம் என்கிறார். லூக்கா 12-ல் ஒருவன் சொத்துப் பங்கீட்டுக்கு அவரைக் கூப்பிடுகிறான். அது தன் வேலை இல்லை என்று விலகிவிடுகிறார். அப்போஸ்தலர் 6-ல் விதவைகளின் பந்தி விசாரணையில் முறுமுறுப்பு வந்தபோது, பன்னிருவரும் அதைத் தங்கள் தலையில் போட்டுக்கொள்ளாமல் ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பேரில்தான் ஸ்தேவானும் பிலிப்புவும் வருகிறார்கள். ஊழியத்துக்கு ஒருபோதும் மறுப்புச் சொல்லக்கூடாது என்று எத்தனையோ கன்வென்ஷன் பந்தலில் கேட்டாயிற்று. இந்தப் பகுதிகளை வைத்து மறுப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் நான் இதுவரை கேட்டதில்லை.

மூன்று வாரம் பேச்சு ஓடியது. எனக்குக் கமிட்டியோடு மனவருத்தமாம். வேறு சபைக்குப் போகப்போகிறேனாம். எங்களோடு ஒரே பெஞ்சில் உட்காரும் ஒருவர் அந்த வாரங்களில் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்தார். அது வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பொறுப்பு ஒரு வாலிபனுக்குப் போயிற்று. கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டான். ஏலப் பணத்தை அந்த இடத்திலேயே செல்போனில் வாங்கிவிட்டான், ஒருவர் பின்னாலும் நடக்கவில்லை. அசனத்தில் உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். நானும் மனைவியும் கடைசிப் பந்தியில் நிதானமாகச் சாப்பிட்டோம். இத்தனை வருடத்தில் அந்த விருந்தில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்தது அன்றுதான்.

இப்போது ஒரு வேலையை நானாகக் கேட்டு வைத்திருக்கிறேன். நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். நடமாட முடியாத முதியவர்களைத் தபாலாபீசுக்கோ வங்கிக்கோ ஆட்டோவில் கூட்டிப்போவேன். போன நவம்பரில் குடும்ப பென்ஷன் வாங்கும் ஒரு பெரியம்மாவின் கைரேகையை இயந்திரம் நான்கு தடவை ஏற்கவில்லை. விரல்களை என் கைக்குட்டையால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஐந்தாம் தடவை வைத்தோம். பச்சை விளக்கு எரிந்தது. "உசுரோடதான் இருக்கேன் போல" என்றார்.